நிக்காஹ் எழுதும் நீலம்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் கேள்வி உங்களிடம் வந்துவிடும். “இந்தக் கை பழையபடி வந்துருமா மேடம்?” நோயாளி கேட்பார். அவர் கேட்காவிட்டால் வராந்தாவில் நிற்கும் மனைவியோ மகனோ கேட்பார்கள். பக்கவாதத்தில் விழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டு நம் முன்னால் உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு கேள்விதான். பாடப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துச் சொன்னால் மனிதர் மறுநாள் வரமாட்டார். ‘வந்துரும்’ என்றால் வருவார். ஆறு மாதம் கழித்து நம் முகத்தில் விழிக்க மாட்டார்.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. பிசியோ பிரிவினர் நோயாளியை எழுந்து நடக்க வைப்பார்கள். நடந்து வந்தவர் சட்டை போட, சோறு பிசைய, பூட்டைத் திறக்கப் பழக்குவது நம் வேலை. நம் வேலைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்களுக்கு நாமும் ‘பிசியோ மேடம்’தான். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

நான் சேர்ந்தபோது எனக்கு மேலே ஓர் அம்மாள் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அந்தக் கேள்விக்கு அவர் ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். “வந்துருச்சுன்னு வச்சுக்குங்க. மொதல்ல என்ன செய்வீங்க?” என்று திருப்பிக் கேட்பார். லாரி டிரைவர் ஒருவர் கியர் போடுவேன் என்றார். ஒரு பெண் மகளுக்குத் தலை பின்னுவேன் என்றாள். என்ன பதில் வருகிறதோ அதிலிருந்துதான் சிகிச்சையைத் தொடங்குவார். கேள்வியிலிருந்து தப்பிக்க இது ஒரு தந்திரம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். சில வருடங்கள் அதே கேள்வியை நானும் கேட்ட பிறகுதான், அதற்கு வரும் பதிலுக்கு நாம் கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பது புரிந்தது. அப்படிக் கட்டுப்பட்டு நான் பேனா மை வாங்க அலைந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. கோரிப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம், வாளி விற்கும் கடை வைத்திருந்தவர் ஹனிபா பாய். அறுபதைத் தாண்டியவர்; மனைவி இல்லை. ஒரே மகள் நஸ்ரின் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தாள். பாய்க்கு வலப்பக்கம் விழுந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. கால் ஓரளவு திரும்பி, கம்பை ஊன்றி நடந்தார். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரியும். கைதான் வரவில்லை. நஸ்ரின் ஆட்டோவில் கூட்டிவந்து என் எதிரே உட்கார வைத்தாள்.

“பழையபடி வந்துருமாம்மா?” என்று கேட்டார்.

“வந்துருச்சுன்னு வச்சுக்குங்க பாய். மொதல்ல என்ன செய்வீங்க?”

அவர் யோசிக்கவே இல்லை. “கையெழுத்துப் போடுவேன். மக நிக்காஹ் வருது. நாந்தான வலி.”

நான் அவர் தோளைத் தொட்டு, “எங்க வலி? இங்கயா, முழங்கையிலயா?” என்று கேட்டேன்.

நஸ்ரினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அந்த வலி இல்ல மேடம். வலின்னா பொண்ணுக்குப் பொறுப்பா நின்னு நிக்காஹ் முடிச்சுக் கொடுக்கிறவங்க. எனக்கு அத்தாதான வலி?”

பாயும் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. “பொண்ணக் கட்டிக் கொடுக்கிறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா,” என்றார்.

பிறகு மகள்தான் விவரம் சொன்னாள். அவர்கள் தெருப் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டை நெடுங்காலம் எழுதியவர் அவள் அத்தா. சம்பளமில்லாத வேலை. ஒவ்வொரு கல்யாணத்திலும் பெண் இருக்கும் அறைக்குப் பதிவேட்டையும் பேனாவையும் கொண்டுபோவார். யாராவது கைநாட்டுக்கு ஸ்டாம்ப் பேடை நீட்டினால் வாங்க மாட்டார். “பேரு எழுதத் தெரியாட்டி இப்பச் சொல்லித் தாரேன், நிக்காஹ் காத்திருக்கட்டும்,” என்பாராம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி, பெண்ணை நாலு தடவை எழுத வைத்து, அதன் பிறகே பதிவேட்டைத் திறப்பாராம். அதே பதிவேட்டில் இப்போது தன் மகளுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் கையால் என்பதுதான் பிரச்சினை.

நான் கையைச் சோதித்தேன். தோளும் முழங்கையும் கொஞ்சம் வந்திருந்தன. விரல்கள் மூடின, திறக்கவில்லை. அவர் எவ்வளவுக்கு எவ்வளவு முயன்றாரோ அவ்வளவுக்கு அவ்வளவு முஷ்டி இறுகியது. உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலைந்து மாதத்துக்குப் பிறகும் இந்த நிலையில் இருக்கும் கை எதுவரை போகும் என்று உங்களுக்கும் தெரியும். கல்யாணத்துக்குச் சில வாரங்களே இருந்தன.

எங்கள் பிரிவின் டாக்டர் வயதில் என்னைவிட மிகச் சிறியவர், கெட்டிக்காரர். “இடது கைக்கு மாத்துங்க மேடம். கையெழுத்துன்னு உக்காந்தா சாப்பாடு, சட்டை பட்டன் எல்லாம் பின்னால போயிரும்,” என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. நான் போய் பாயிடம் கேட்டேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார்.

“நல்ல காரியம்மா. பீச்சாங்கையால எப்படிப் போட?”

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. டாக்டர் பேச்சைக் கேட்டு இடது கையைப் பழக்குவது ஒன்று. வலது கை வந்துவிடும் என்று அவர் நம்பும்படி விட்டுவிட்டு ஏதோ பயிற்சி கொடுப்பது மற்றொன்று. இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். “பாய், கை பழையபடி வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு கையெழுத்துக்கு மட்டும் முயற்சி பண்ணிப் பாக்கலாம். அதுவும் நிச்சயமில்ல. சரியா?” என்றேன். மகள் என்னை முறைத்தாள். பாய் மட்டும், “சரிம்மா,” என்றார்.

பால் பாயின்ட் பேனா உதவவில்லை. அழுத்தினால்தான் அது எழுதும். அழுத்தினால் இவர் கை பூட்டிக்கொள்ளும். ஜெல் பேனா அழுத்தம் கேட்காதுதான், ஆனால் நட்டுக்குத்தலாகப் பிடிக்க வேண்டும். அவருக்கு அது வழுக்கிக்கொண்டு ஓடியது. மைப்பேனா ஒன்றைத்தான் கட்டைவிரல் இடுக்கில் சாய்த்துப் படுக்க வைக்க முடிந்தது. அவர் பேனாவையே வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். அதன்மேல் துணிப்பட்டையைத் தடிமனாகச் சுற்றி, பிடிப்பதற்கு வாகாக்கினேன். நஸ்ரின் அவருடைய பழைய மைப் புட்டியையும் கொண்டுவந்தாள். பல மாதம் திறக்காததால் அடியில் குழம்பாக இறுகிக் கிடந்தது. தண்ணீர் விட்டுக் கலக்கி நிரப்பினோம்.

பேனா தாளைத் தொட்டது. கோடு விழுந்தது, நான் பார்த்தேன். பாய் பார்க்கவில்லை.

“இதுல எழுத்தே விழலையேம்மா,” என்று சொல்லிவிட்டு அழுத்தினார். கை பூட்டிக்கொண்டது.

அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், அதனால் கண் மங்கியிருப்பதும் கோப்பில் எழுதியிருந்தது. நானும் படித்திருந்தேன். கைக்கு வந்தவரின் கண்ணைப் பற்றி நான் அதுவரை யோசிக்கவில்லை. தண்ணீர் கலந்த வெளிறிய நீலம் அவர் கண்ணுக்கு வெறும் தாளாகத் தெரிந்தது. எழுத்து விழவில்லை என்று நினைத்து அழுத்தினார். அழுத்தியதும் விரல்கள் சுருண்டன. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அலுவலகத்திலிருந்து ஒரு கறுப்பு மைப் புட்டியைக் கேட்டு வாங்கி, பேனாவைக் கழுவி நிரப்பிக் கொடுத்தேன். ஒரு கோடு இழுத்தார். “தெரியுது,” என்றார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய மணிக்கட்டு தளர்ந்ததை என் விரலுக்கடியில் உணர்ந்தேன்.

வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். அவர் பேனாவை மேசைமேல் உருட்டிவிட்டார்.

“கறுப்பு வேணாம்மா.”

“ஏன் பாய்? இதுதான உங்க கண்ணுக்குத் தெரியுது?”

“மவுத்தாகி அடக்கம் பண்ணவுங்க பேரு எழுதுற புத்தகத்தக் கறுப்புல எழுதுவேன். நிக்காஹ் நீலம். நல்ல நீலம், சங்குப்பூ கலர்ல. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் எழுதினேன். எம்மகளுக்கு மட்டும் மாத்தி எழுதவா?”

“இது ஜமாத்துல சொன்ன சட்டமா?”

“சட்டமெல்லாம் இல்ல. நானா வச்சுக்கிட்டது.”

நீங்களும் இப்படி ஓர் இடத்துக்கு ஒரு நாள் வருவீர்கள். நிறம் நம் வேலை இல்லை, கைதான் நம் வேலை என்று சொல்ல வாய் துடிக்கும். எனக்கும் துடித்தது. மகளிடம் சொல்லிச் சம்மதிக்க வைக்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தக் கை ஒரு கோடு இழுக்கச் சம்மதித்ததே அவர் மனசில் இருந்த ஒரு காரியத்துக்காகத்தான். அந்தக் காரியத்தின் நிறம் நீலம். அதை மாற்றினால் மிஞ்சுவது வேறு ஏதோ பயிற்சி. “சரி பாய், நீலமே பாப்போம்,” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை நானும் நஸ்ரினும் மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பேனாக் கடைக்குப் போனோம். பதிவேட்டுக்குப் போடும் அதே தாளில் ஒரு வெற்றுத் தாளைப் பள்ளிவாசலில் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அது நான் கேட்டது. சாதாரணக் கோடு போட்ட மலிவுத் தாள். மையை உறிஞ்சும் தாள்.

“கிப்ட்டுக்கா மேடம்?” என்று கடைக்காரர் வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்தார்.

“பெட்டியெல்லாம் வேணாம்ண்ணே. மை மட்டும். நல்ல அடர்த்தியான நீலம். பேனாவத் தொட்டு இந்தத் தாள்ல எழுதிப் பாத்துக்கிறோம்,” என்றாள் நஸ்ரின்.

முதலில் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் நீலம். சுத்தமாக எழுதியது, உடனே காய்ந்தது, வெளிறியது. வேண்டாம். அடுத்து, கடைக்காரர் பெருமையாக எடுத்து வைத்த ஒன்று. பளிச்சென்று அழகாக இருந்தது. நஸ்ரின் வேகமாகத் தன் பெயரை எழுதிக் காட்டினாள்.

“இப்படி இல்லம்மா. அத்தா எழுதுற மாதிரி எழுதணும்,” என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு ‘மு. ஹனிபா’ என்று மெதுவாக எழுத ஆரம்பித்தாள். பயிற்சியின்போது பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்தவள் அல்லவா? அவர் எங்கே நிற்பார், எங்கே திணறுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ‘ஹ’வின் வளைவில் நின்றாள். ‘னி’யின் மேல்வளைவுக்கு முன்னால் நின்றாள். நின்ற இடத்திலெல்லாம் மை துவரம்பருப்பு அளவுக்குப் பரவித் தாளின் நரம்புகளில் ஓடியது. ‘பா’வுக்கு வந்தபோது அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பேனா முனை தாளிலேயே இருந்தது. நீலம் பெரிதாகிக்கொண்டே போனது. அவள் அழுகிறாள் என்பதைக் கடைக்காரர்தான் முதலில் கவனித்தார். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

மூன்றாவதாக எடுத்தது கருநீலம். தாளில் நன்றாக நின்றது. டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் கறுப்புதான். “அத்தா கண்டுபிடிச்சிருவாக,” என்று அதைத் தள்ளி வைத்தாள்.

கடைக்காரர் பின்னாலிருந்து குட்டையான புட்டி ஒன்றை எடுத்தார். “இது இருக்கு. ஆனா லேசுல காயாது மேடம். காலேஜ் பசங்க வாங்கிட்டுப் போயி, கையெல்லாம் ஈஷுதுன்னு திருப்பிக் கொண்டு வாரானுக.”

நஸ்ரின் மறுபடியும் அவள் அத்தாவாக எழுதினாள். நின்ற இடங்களில் மை நின்றது, பரவவில்லை. தாளை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தோம். வெயிலில் பார்த்தால் சந்தேகமே இல்லாத நீலம். ஆழமான, சங்குப்பூ இதழின் நடுப்பகுதியில் இருக்கும் நீலம். என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டித் தாளைப் பிடித்தேன். எழுத்தெல்லாம் கலங்கினாலும் கோடு தெரிந்தது. விரலால் தொட்டேன். விரல் நீலமானது.

“காயலையே மேடம்,” என்றாள். “கல்யாணத்தன்னைக்கு அவசர அவசரமாப் புத்தகத்த மூடிருவாங்க. அழிஞ்சு போச்சுன்னா?”

அங்கே நின்றபடி நான் எடுத்த முடிவு இது. மற்ற மைகளில் இருந்த குறையையெல்லாம் அவர் கைதான் சுமக்க வேண்டும். வெளிறியதென்றால் அவர் அழுத்த வேண்டும். பரவியதென்றால் அவர் வேகமாக எழுத வேண்டும். இந்த மையின் குறையைச் சுற்றி நிற்கிறவர்கள் சுமந்துகொள்ளலாம். அவர்கள் காத்திருந்தால் போதும். ஒரு கரண்டியையோ நாற்காலியையோ பேனாவையோ நோயாளிக்காகத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் குறை யார் தலையில் விழும் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்து குறையில்லாத பொருள் எதுவும் கிடையாது.

புது மை பாய்க்குப் பிடித்தது. ‘நல்லாருக்கு’ என்று அவர் சொல்லவில்லை. புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டச் சொல்லி, “எங்க வாங்குனீக?” என்று மட்டும் கேட்டார். அன்று முதல் கை ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை. நல்ல நாளில் பெயர் முழுவதும் வரும். எழுத்துகள் வரியை விட்டுச் சரிந்தாலும் வாசிக்க முடியும். கெட்ட நாளில் ‘மு’வோடு முஷ்டி பூட்டிக்கொள்ளும்.

கல்யாணம் நெருங்கியபோது பாயின் அண்ணன் காதர் பாய் என்னைத் தேடி வந்தார். தம்பியின் கடையையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்தவர். பயிற்சி அறைக்குள் வராமல் வராந்தாவிலேயே நின்றார்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். கைநாட்டு வச்சா செல்லாதா? எதுக்கு அவன இம்புட்டு வதைக்கணும்? அம்புட்டுச் சனத்துக்கு முன்னால அவன் கை வராமப் போச்சுன்னா எந்திரிக்க மாட்டான் மேடம். எந்தம்பிய எனக்குத் தெரியும்.”

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நஸ்ரினைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள், “எனக்குக் கையெழுத்து பெருசில்ல மேடம். அத்தா ஒடைஞ்சிரக்கூடாது. நான் போனப்புறம் வீட்டுல தனியாத்தான இருக்கணும்?” என்றாள். இருவருக்கும் அவர்மேல் இருந்த அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இருவருமே அவரிடம் கேட்கவில்லை. நான் உள்ளே போய், அண்ணன் சொன்னதையும் மகள் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். “அன்னைக்குக் கை வருமா வராதான்னு எனக்கும் தெரியாது பாய். வேணாம்னா இப்பவே நிறுத்திக்கிரலாம். அதுல கேவலம் ஒண்ணுமில்ல.”

அவர் தன் வலது கையைப் பார்த்தார்.

“ஸ்டாம்ப் பேடு இருக்கட்டும்மா. அண்ணே கையில இருக்கட்டும். கை வரலைன்னா வச்சிர்றேன். ஆனா மொதல்ல பேனா.”

கல்யாணம் ஒரு முற்பகலில், ஒரு மண்டபத்தில் நடந்தது. செல்லூரில் என் வீட்டிலிருந்து பாலம் தாண்டி ஆட்டோவில் போனேன். பெண் இருந்த அறையில் என்னையும் உட்கார வைத்தார்கள். மேடை ஏற முடியாது என்பதால் பாயின் கையெழுத்தையும் அந்த அறையிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு. பதிவேட்டைக் கொண்டுவந்தவர் முதலில் நஸ்ரினிடம் சம்மதம் கேட்டார். சொன்னாள். மருதாணிக் கையால் அதே மையில் கையெழுத்துப் போட்டாள். பிறகு பதிவேட்டை நாங்கள் கொண்டுவந்திருந்த சாய்வுப் பலகையில் வைத்து பாயின் மடியில் வைத்தார்கள். மண்டபத்தில் மைக் இரைந்துகொண்டிருந்தது. வாசலில் சாட்சிகள், பின்னால் உறவுக்காரப் பெண்கள். காதர் பாய் ஸ்டாம்ப் பேடோடு சுவரோரம் நின்றார்.

‘மு’ வந்தது. புள்ளி வந்தது. ‘ஹ’வின் பாதியில் கை பூட்டிக்கொண்டது.

முனையைத் தாளிலிருந்து எப்படியோ தூக்கிவிட்டார். நெற்றியிலிருந்து வியர்வை தாடிக்குள் இறங்கியது. பின்னால் யாரோ, “கைநாட்டு வச்சிரலாமே,” என்றார்கள். காதர் பாய் பேடின் மூடியைத் திறந்தார். தம்பி நிமிர்ந்து பார்க்காததைக் கண்டு மூடிவிட்டார்.

நஸ்ரின் என்னைப் பார்த்தாள்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தக் கையைத் திறக்க எனக்குத் தெரியும். கட்டைவிரலின் அடியைப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் சில நொடிகளில் தளரும். அந்த அறையில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் பயிற்சி அறையில் அது சிகிச்சை. இங்கே, சாட்சிகளுக்கும் சொந்தங்களுக்கும் முன்னால், வெளிப்பெண் ஒருத்தி வந்து அவர் கையைப் பிடித்துவிடுவதை அந்த மனிதர் எப்படித் தாங்குவார்? பிறகு அந்தக் கையெழுத்து யாருடையது? எழுந்து போகவும் மனம் தள்ளியது, உட்காரவும் சொன்னது. நஸ்ரினைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அது சரிதான் என்ற உறுதி அப்போது எனக்கு இல்லை. கை வராமல் போயிருந்தால் இன்றுவரை அந்தத் தலையசைப்பை நினைத்து வருந்திக்கொண்டிருப்பேன். இதையும் உங்களிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நஸ்ரின்தான் பேசினாள். “அத்தா, மெதுவா. யாருக்கும் அவசரமில்ல.”

பாய் மூச்சை விட்டார். தன் இடது கையை எடுத்து வலது கையின் மேல் வைத்தார். அதை நாங்கள் சொல்லித் தரவில்லை. சும்மா வைத்திருந்தார், குளிரில் கிடக்கும் ஒன்றை மூடுவதுபோல. கீழே இருந்த முஷ்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து பேனாவை நகர்த்தின. ‘ஹ’ முடிந்தது. ‘னி’ வந்தது. ‘பா’வின் கால் நீண்டு, கட்டத்தைத் தாண்டிச் சாட்சியின் கட்டத்துக்குள் போய் நின்றது.

“சாட்சி போடுற எடத்துல போயிருச்சே,” என்றார் காதர் பாய்.

“சாட்சி கீழ போடட்டும் பாய்,” என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டுக்காரர் புத்தகத்தை மூடப் போனார்.

“மூடாதீங்க, காயல!” என்று நஸ்ரின் கத்தினாள். கல்யாணப் பெண் அப்படிக் கத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை.

பதிவேட்டுக்காரர் புத்தகத்தை விரித்தபடி இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டு இளைஞன் ஒருவன் வாசலில் வந்து, “நிக்காஹ் ஓதுற ஹஸ்ரத் கேக்குறாக, ஏன் லேட்டு?” என்றான்.

“மை காயுது. நில்லு மாப்ள,” என்றார் காதர் பாய்.

பாட்டிமார் முதல் சாட்சிகள் வரை அத்தனை பேரும் அந்த ஈர நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாய் மட்டும் பதிவேட்டைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் காதர் பாயோடு பயிற்சிக்கு வந்தார். நான் வழக்கம்போலச் சாய்வுப் பலகையையும் பேனாவையும் எடுத்து வைத்திருந்தேன். இன்னும் எழுத்தைச் சீராக்கலாம் என்று எனக்கு ஆசை. அவர் இடது கையால் இரண்டையும் ஓரமாகத் தள்ளினார்.

“அது முடிஞ்சிருச்சும்மா.”

“ஏன் பாய், நல்லாத்தான வந்துச்சு?”

“இந்தக் கை வராதுன்னு ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்குப் போன அன்னைக்கே தெரியும். ஒரு நாளைக்கு மட்டும் வந்தாப் போதும்னு கேட்டேன். வந்துச்சு.” சற்று நிறுத்தி, குழறல் தெளியும்வரை காத்திருந்து சொன்னார்: “இனி பீச்சாங்கைக்கு வேலை சொல்லுங்க. மக போயிட்டா. பட்டன் போட்டுவிட ஆளில்ல.”

அத்தனை வாரமும், கை வராது என்ற உண்மையை நான் அவருக்குத் தெரியாமல் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அவரும் அதையே எனக்குத் தெரியாமல் சுமந்திருக்கிறார். நோயாளியின் நம்பிக்கையைக் கண்டு பயப்படாதீர்கள். நாம் நினைக்கிற அளவுக்கு அவர்கள் ஏமாளிகள் இல்லை. பல பேருக்கு முழுக் கையும் வேண்டியதில்லை. எந்த நாளுக்காக, எந்தக் காரியத்துக்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பொறுமை வேண்டும்.

அன்றே தொடங்கினோம். சட்டையின் கடைசிப் பட்டனை இடது கையால் பிடித்தார். அது நழுவியது. மறுபடி பிடித்தார். கீழிருந்து ஒன்று, அதற்கு மேல் ஒன்று. மூன்றாவதை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டு அவரே கண்டுபிடித்துக் கழற்றினார். உதவ வந்த அண்ணனைப் பார்வையாலேயே உட்கார வைத்தார். அடுத்த நோயாளி வாசலில் வந்து நின்றார். கொஞ்சம் இருக்கச் சொன்னேன். கழுத்துப் பட்டன் மட்டும் கடைசிவரை மாட்டவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கம்பை எடுத்து, “இன்னைக்கு இம்புட்டுப் போதும்மா,” என்று எழுந்தார்.